எக்ஸ்ரேயா, யூடியா, டிபியா? வெல்டிங் ஜாயிண்டுக்கு ஏற்ற சோதனையைத் தேர்ந்தெடுப்பது

திருச்சி பெல் தொழிற்சாலையை ஒட்டித் திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் வளர்ந்த பேப்ரிகேஷன் பட்டறைகளுக்குப் பெரிய நிறுவன ஆர்டர் என்றால் சோதனை விஷயத்தில் குழப்பமே இல்லை. எந்த ஜாயிண்டுக்கு என்ன சோதனை, எத்தனை சதவீதம், எந்தக் கட்டத்தில் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும் என்று க்யூஏபி (தர உறுதித் திட்டம்) தாளிலேயே எழுதி வந்துவிடும். சிக்கல் தனியார் ஆர்டரில்தான். ஒரு ஆலைக்கு பிரஷர் வெசல், ஒரு பால் பண்ணைக்கு ஸ்டெயின்லெஸ் டேங்க், ஒரு குடோனுக்குத் தூணும் கர்டரும். பர்ச்சேஸ் ஆர்டரில் "வெல்டிங் முறையாகச் சோதிக்கப்பட வேண்டும்" என்று ஒரே வரி இருக்கும். போன் செய்து கேட்டால், "எக்ஸ்ரே எடுத்துடுங்க, அதுதான் பெஸ்ட்" என்பார்கள்.

எக்ஸ்ரேதான் பெஸ்ட் என்ற இந்த நம்பிக்கையால் பட்டறைக்காரர்களுக்குப் பணமும் வீணாகிறது, பல நேரம் ஆபத்தான குறையும் கண்ணில் படாமல் போகிறது. ஒரு ஜாயிண்டில் என்ன குறை வர வாய்ப்பு இருக்கிறது, அது மேற்பரப்பிலா உள்ளேயா, எந்தத் திசையில் படுத்திருக்கும் என்று முதலில் யோசிக்க வேண்டும். அதற்கு விடை தெரிந்தால் சோதனை தானாக முடிவாகிவிடும். விலை அப்புறம்தான்.

கண்ணால் பார்ப்பதை யாரும் விலை போட்டு எழுதுவதில்லை

விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன் எல்லாக் கொட்டேஷனிலும் கடைசி வரியாக, தொகை இல்லாமல் இருக்கும். நடைமுறையில் பாதிக்கு மேல் பிரச்சினைகளை அதுதான் தடுக்கிறது. காரணம், மற்ற எல்லாச் சோதனையும் வெல்டிங் முடிந்த பிறகு வருபவை. கண் பார்வை மட்டும்தான் வெல்டிங்குக்கு முன்னும், நடுவிலும், பின்னும் வேலை செய்யும்.

ஃபிட்-அப் ஆனதும் (தகடுகளை வெல்டிங்குக்குச் சேர்த்து நிறுத்தியதும்) ரூட் கேப், அதாவது அடியில் விடும் இடைவெளி, சரியாக இருக்கிறதா, இரண்டு தகடும் ஏறி இறங்கி நிற்கிறதா, பெவலில் (சாய்வாக வெட்டிய விளிம்பில்) துருவும் எண்ணெயும் போய்விட்டதா, லோ ஹைட்ரஜன் ராடு உலர்த்தும் ஓவனிலிருந்து வந்ததா அல்லது காலையிலிருந்து திறந்த பாக்கெட்டில் கிடந்ததா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ரூட் ரன் (முதல் அடி வெல்ட்) போட்டதும் ஸ்லாக்கை (மேலே உறையும் கசடை) தட்டிச் சுத்தம் செய்து இன்னொரு பார்வை. இந்த இரண்டு இடத்திலும் தப்பவிட்டதைத்தான் பிறகு எக்ஸ்ரே ஃபிலிமில் பார்த்து, கவுஜிங் செய்து (வெல்டைத் தோண்டி எடுத்து), மறுபடி வெல்டிங் போட்டு, மறுபடி ஷாட் எடுக்கிறோம்.

ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 5 (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கக் கோடின் சோதனைப் பகுதி) இதற்கும் விதி வைத்திருக்கிறது: நேரடிப் பார்வைக்குக் கண் 600 மி.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும், பரப்புக்கு 30 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் பார்க்க வேண்டும், வெளிச்சம் சுமார் 1000 லக்ஸ் வேண்டும். பட்டறை ஷெட்டின் உள்மூலையில் ஒரு டியூப்லைட்டின் கீழ் நின்றுகொண்டு "அண்டர்கட் (வெல்ட் ஓரப் பள்ளம்) இல்லை" என்று எழுதுவது இந்தக் கணக்கில் சேராது. நல்ல டார்ச் ஒன்று, ஃபில்லட் கேஜ் (மூலை வெல்டை அளப்பது) ஒன்று, ஹை-லோ கேஜ் (தகடுகளின் ஏற்ற இறக்கத்தை அளப்பது) ஒன்று. ஒரு முறை எடுத்த ஃபிலிமின் செலவுக்குள் இவை அடங்கிவிடும்.

ஃபில்லட் கேஜ் பற்றி ஒரு வார்த்தை. டிராயிங்கில் 6 மி.மீ. லெக் (வெல்டின் பக்க அளவு) கேட்டிருக்க, "கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்" என்று 8 மி.மீ. போடும் வெல்டர்கள் நிறைய. குறுக்குவெட்டுப் பரப்பு லெக்கின் வர்க்கத்தில் கூடுவதால், 36 இருக்க வேண்டிய இடத்தில் 64 ஆகிறது. அதாவது முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் ராடு, கூடுதல் சூடு, தகடு வளைவது வேறு. கேஜ் சின்ன வெல்டை மட்டும் பிடிப்பதற்கில்லை, பெரிய வெல்டையும் பிடிக்கத்தான்.

மேற்பரப்பு விரிசலுக்கு: டிபியும் எம்பிஐயும்

டிபி என்பது சிவப்புச் சாயத் திரவத்தை ஊற வைத்து விரிசலைப் பார்ப்பது, எம்பிஐ என்பது காந்தத்தாலும் இரும்புத் துகளாலும் பார்ப்பது. இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பது வழக்கம். பாதி உண்மை. இரண்டும் மேற்பரப்பைத்தான் பார்க்கின்றன. ஆனால் டிபி, வாய் திறந்திருக்கும் விரிசலை மட்டும் காட்டும். எம்பிஐ, வாய் மூடிய விரிசலையும், மேற்பரப்புக்குச் சற்றே கீழே இருப்பதையும் காட்டும். காந்தம் பிடிக்கும் இரும்பில் மட்டும்தான் எம்பிஐ நடக்கும். 304, 316 ஸ்டெயின்லெஸ், அலுமினியம், செம்பு என்றால் பேச்சே இல்லை, டிபிதான்.

கார்பன் ஸ்டீலில் இரண்டும் சாத்தியம் என்றால் எம்பிஐ-யை எடுங்கள் என்பதே என் கருத்து. வேகம் ஒரு காரணம்: வெள்ளை பெயிண்ட் அடித்து, யோக்கை (கையடக்க மின்காந்தத்தை) வைத்து, கறுப்பு மையைத் தெளித்தால் விரிசல் அப்போதே தெரிந்துவிடும். டிபி-யில் பெனிட்ரன்ட் எனும் சிவப்புத் திரவம் ஊற, டெவலப்பர் எனும் வெள்ளைப் பூச்சு அதை வெளியே இழுக்க என்று காத்திருப்பு உண்டு. அதைவிட முக்கியமான காரணம் கிரைண்டிங். டிராயிங்கில் ஃப்ளஷ் கிரைண்டிங் கேட்டிருந்தால், கிரைண்டிங் சக்கரம் உலோகத்தை இழுத்து மெல்லிய விரிசலின் வாயை அடைத்துவிடும். ஷாட் பிளாஸ்டிங்கும் அப்படித்தான். அடைத்த வாய்க்குள் சிவப்புத் திரவம் போகாது. டிபி ரிப்போர்ட் சுத்தமாக வரும், விரிசல் அப்படியே இருக்கும். காந்தப்புலத்துக்கு அந்த மெல்லிய மூடி ஒரு தடையே இல்லை.

எம்பிஐ-யில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஏசி யோக் அதிகபட்ச இடைவெளியில் 4.5 கிலோ எடையைத் தூக்க வேண்டும்; அந்தத் தூக்கும் சோதனைக்கான கட்டையை ஏஜென்சிக்காரர் கொண்டு வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். அப்புறம், யோக்கை ஒரு திசையில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. காந்தக் கோடுகளுக்குக் குறுக்கே கிடக்கும் விரிசல்தான் தெரியும். அதே இடத்தில் யோக்கைச் செங்குத்தாகத் திருப்பி இன்னொரு முறை வைக்க வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் விடுவது இந்த இரண்டாவது திருப்பலைத்தான்.

டிபி-க்கு வருவோம். ஸ்டெயின்லெஸ் வேலைக்கு இது தவிர்க்க முடியாதது, கிட் விலையும் குறைவு. ஆனால் மூன்று தப்புகள் எங்கும் நடக்கின்றன. முதலாவது, மிச்சமிருக்கும் சிவப்பைத் துடைக்க கிளீனரை நேராக ஜாயிண்ட் மேல் ஸ்ப்ரே செய்வது. விரிசலுக்குள் போன திரவமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். இரண்டாவது, பெனிட்ரன்ட் போட்ட மறுநிமிடமே துடைப்பது. வெல்டுக்குக் குறைந்தது 5 நிமிடமாவது ஊற வேண்டும். டெவலப்பர் போட்ட பிறகு இறுதி முடிவுக்கு 10 நிமிடம். மூன்றாவது நம்ம ஊர் வெயில். வழக்கமான டிபி திரவங்களுக்குச் சோதனை வெப்பநிலை 5 முதல் 52 டிகிரி வரைதான். மே மாதம் மதியம் வெளியே கிடக்கும் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், கையை வைக்க முடியாது. திரவம் ஊறுவதற்கு முன் காய்ந்துவிடும். காலையிலோ நிழலிலோ செய்தால்தான் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு.

ஸ்டெயின்லெஸ் என்றால் டிபி பாட்டிலின் பேட்ச் சர்டிபிகேட்டையும் வாங்கி வையுங்கள். குளோரின், புளோரின் அளவு ஏஎஸ்எம்இ விதி சொல்லும் வரம்புக்குள் இருக்க வேண்டும். சோதனைக்காகப் பூசியதே பிற்காலத்தில் அரிப்பு விரிசலுக்கு வழி செய்துவிடக் கூடாது.

உள்ளே பார்க்க: எக்ஸ்ரே, காமா, யூடி

இங்குதான் பெரிய பணம் செலவாகிறது, இங்குதான் முடிவும் கடினம்.

ரேடியோகிராபி (எக்ஸ்ரேயோ காமா கதிரோ செலுத்தி ஃபிலிமில் எடுப்பது) என்பது நிழல் படம். கதிர் போகும் வழியில் உலோகம் குறைவாக இருந்தால் அந்த இடம் ஃபிலிமில் கறுப்பாக விழும். எனவே அதற்கு நன்றாகத் தெரிவது கன அளவு உள்ள குறைகள்: போரோசிட்டி (வாயுத் துளைகள்), ஸ்லாக், ரூட் வரை போகாத வெல்டிங். தாள் போல மெல்லியதாக, கதிருக்குச் சாய்ந்து கிடக்கும் குறை அதற்குத் தெரியாது. வி-குரூவ் ஜாயிண்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கோணம் 60 டிகிரி என்றால் பெவல் முகம் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருக்கும். வெல்டிங் உலோகம் அந்த முகத்தில் ஒட்டாமல் போனால், அந்த ஒட்டாத பரப்பும் 30 டிகிரி சாய்வில்தான் இருக்கும். கதிர் நேராக மேலிருந்து கீழே போகிறது. குறுக்கே கிடைக்கும் இடைவெளி மிகச் சொற்பம், ஃபிலிமில் நிழல் விழாது. ஆனால் வெசலில் அழுத்தம் ஏறும்போது முதலில் பிளக்கப் போவது இதுதான்.

அதே இடத்தில் யூடி-யை, அதாவது மீயொலிச் சோதனையை, வையுங்கள். 60 டிகிரி புரோபிலிருந்து கிளம்பும் ஒலி, தகட்டின் அடிப்பரப்பில் பட்டு மேல்நோக்கித் திரும்பும்போது, புரோப் பக்கத்துப் பெவல் முகத்தில் மிகச் சரியாகச் செங்குத்தாக மோதும். செங்குத்தாக மோதிய ஒலி வந்த வழியே திரும்பும், திரையில் உயரமான எக்கோ நிற்கும். ஃபிலிம் பார்க்காமல் விட்டதை யூடி உரக்கச் சொல்கிறது. மாறாக, சிதறிக் கிடக்கும் குட்டிக் குட்டித் துளைகளில் யூடி ஒலி நாலாபக்கமும் சிதறிவிடும், எக்கோ சின்னதாக, குழப்பமாக வரும். ஃபிலிமில் அதே துளைகள் புள்ளி புள்ளியாகத் தெளிவாகத் தெரியும்.

ஆக, எந்த முறையில் வெல்டிங் செய்தீர்கள் என்பதும் இந்தத் தேர்வில் சேர வேண்டும். ஸ்டிக் ராடில் வேலை செய்திருந்தால் ஸ்லாக்கும் துளையும் வர வாய்ப்பு, ரேடியோகிராபி பொருந்தும். சாலிட் வயரில் மிக் வெல்டிங், அதுவும் கரண்ட் குறைத்து ஷார்ட் சர்க்யூட் முறையில் ஓட்டியிருந்தால், மேலே அழகாக இருந்து பக்கச் சுவரில் ஒட்டாமல் போவதுதான் பெரிய பயம். அங்கே யூடி-க்கே என் ஓட்டு.

தடிமனும் முக்கியம். சாதாரண யூடி-யை 8 மி.மீ.க்குக் கீழே நம்பிப் பயன்படுத்துவது கஷ்டம். கட்டமைப்பு வேலைகளுக்கான அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏடபிள்யூஎஸ் டி1.1 கோடும் யூடி முறையை 8 மி.மீ.யிலிருந்துதான் தொடங்குகிறது. தடிமன் கூடக் கூட யூடி-க்குப் பலம் கூடும், ரேடியோகிராபிக்கு எக்ஸ்போஷர் நேரம் ஏறும். இரிடியம்-192 காமா மூலத்துக்கு 20 மி.மீ.க்கு மேற்பட்ட இரும்பில்தான் நல்ல படம் கிடைக்கும். 5 மி.மீ. சுவர் உள்ள பாய்லர் டியூபுக்கு அதை வைத்து எடுத்தால் படம் மங்கலாகத்தான் வரும்; எக்ஸ்ரே டியூபோ செலினியம்-75 மூலமோ கேட்க வேண்டும்.

ஆஸ்டெனிட்டிக் (304, 316 போன்ற) ஸ்டெயின்லெஸ் வெல்டில் யூடி திணறும். வெல்ட் உலோகத்தின் பெரிய பெரிய பரல்கள் ஒலியை வளைத்துச் சிதறடிக்கும், திரை முழுக்க புல் முளைத்தது போல எக்கோ நிற்கும். அதற்கென்று தனி புரோபும் தனி அனுபவமும் உள்ளவர் இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் பட் ஜாயிண்டுக்கு ரேடியோகிராபியே மேல்.

டி-ஜாயிண்ட், மூலை ஜாயிண்ட், ஃபில்லட் வெல்ட் ஆகியவற்றுக்கு ரேடியோகிராபி கேட்கும் வாடிக்கையாளரிடம் பொறுமையாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். ஃபிலிமை ஒட்டவே சரியான பக்கம் கிடைக்காது, தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் படத்தைப் படிக்கவும் முடியாது. ஃபில்லட்டுக்கு விஷுவலும் எம்பிஐயும். முழு ஊடுருவல் உள்ள டி-ஜாயிண்டுக்கு அதோடு யூடி. அவ்வளவுதான்.

ஒரு வெசலை வைத்துக் கணக்குப் போட்டால்

செலவு என்றதும் எல்லாரும் ஷாட்டுக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். பிரஷர் வெசலில் அந்தக் கேள்வி மட்டும் போதாது, ஏனென்றால் எவ்வளவு ரேடியோகிராபி எடுக்கிறோம் என்பது தகட்டின் தடிமனையே மாற்றும். ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 8 டிவிஷன் 1-இல், இருபுறமும் வெல்ட் செய்த பட் ஜாயிண்டுக்கு முழு ரேடியோகிராபி எடுத்தால் ஜாயிண்ட் எஃபிஷியன்ஸி (தகட்டின் வலுவில் ஜாயிண்டுக்குக் கணக்கில் எடுக்கும் பங்கு) 1.0. ஸ்பாட் (மாதிரிக்குச் சில இடங்களில் மட்டும்) எடுத்தால் 0.85. எதுவுமே எடுக்காவிட்டால் 0.70.

2 மீட்டர் உள்விட்டம், 4 மீட்டர் நீளம், 1.5 மெகாபாஸ்கல் டிசைன் அழுத்தம், எஸ்ஏ-516 கிரேடு 70 தகடு, அனுமதிக்கப்பட்ட இழுவிசை 138 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். அரிப்பு அலவன்ஸ் சேர்க்காமல் ஷெல் தடிமன் மூன்று வழியிலும் இப்படி வருகிறது: எஃபிஷியன்ஸி 0.70-க்கு 15.7 மி.மீ., 0.85-க்கு 12.9 மி.மீ., 1.0-க்கு 10.9 மி.மீ. எளிதாகக் கிடைக்கும் தகடாக எடுத்தால் 16, 14, 12. இந்த ஷெல்லுக்கு ஒவ்வொரு மில்லிமீட்டரும் சுமார் 200 கிலோ இரும்பு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் 400 கிலோ தகடு மிச்சம். தகடு மெலிந்தால் குரூவில் நிரப்ப வேண்டிய வெல்ட் உலோகமும் வேகமாகக் குறையும், ரோலிங்கும் எளிது.

2 மீட்டர் அகலத் தகடில் இரண்டு கோர்ஸாக (வளையமாக) செய்தால் நீள ஜாயிண்ட் 4 மீட்டர். சுற்று ஜாயிண்ட் மூன்றும் சேர்ந்து 19 மீட்டர் சுமார். மொத்தம் 23 மீட்டர். ஸ்பாட் ரேடியோகிராபி விதிப்படி 15 மீட்டர் வெல்டுக்கு ஒரு ஸ்பாட், ஒவ்வொன்றும் குறைந்தது 150 மி.மீ. நீளம். இந்த வெசலுக்கு இரண்டு ஸ்பாட். வேலை செய்த ஒவ்வொரு வெல்டரின் ஜாயிண்டும் அதில் வர வேண்டும் என்பதால் ஆள் கூடினால் ஸ்பாட்டும் கூடும்.

15 மீட்டருக்கு 150 மி.மீ. என்றால் நூற்றில் ஒரு பங்கு. இதை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. "எக்ஸ்ரே எடுத்த வெசல்" என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார், ஆனால் 99 பங்கை யாரும் பார்க்கவில்லை. ஸ்பாட் என்பது வெல்டரின் கைத்திறன் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் மாதிரிச் சோதனை. அதனால்தான் ஒரு ஸ்பாட் ஃபெயில் ஆனால் அதே பகுதியில் இன்னும் இரண்டு எடுக்கச் சொல்கிறது கோடு.

முழு ரேடியோகிராபிக்குப் போனால் 23 மீட்டருக்கு அறுபதுக்கு மேல் ஃபிலிம் ஆகும். ஆனால் சுற்று ஜாயிண்டுக்கு ஒரு வசதி உண்டு. காமா மூலத்தை ஷெல்லின் நடுமையத்தில் நிறுத்தி, வெளியே சுற்றிலும் ஃபிலிம் ஒட்டினால் ஒரே எக்ஸ்போஷரில் முழுச் சுற்றும் முடிந்துவிடும். ஏஜென்சியிடம் ஃபிலிம் கணக்கில் மட்டும் பேசாமல் எக்ஸ்போஷர் கணக்கிலும் பேசினால் விலை இறங்க இடம் இருக்கிறது. 12 மி.மீ.க்கு இரிடியம் சற்று வலுவான மூலம்தான். ஆனாலும் இந்தத் தடிமனுக்கு வைக்க வேண்டிய பெனிட்ராமீட்டர் (படத்தின் தெளிவைச் சோதிக்கும்) கம்பி, சுமார் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் உள்ளது, படத்தில் தெரிந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

இந்த அளவு வெசலுக்கு 16 மி.மீ. போட்டு சோதனையே வேண்டாம் என்பது என் பார்வையில் மோசமான முடிவு. தகட்டுக்குக் காசும் கூடுதல், உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. சில நூறு கிலோ எடையுள்ள சிறிய வெசலென்றால் கணக்கு மாறும். அங்கே மெலிந்த தகட்டின் மிச்சம் சொற்பம், ஏஜென்சி வந்து போகும் குறைந்தபட்சக் கட்டணமே அதை விழுங்கிவிடும்.

ஃபேஸ்டு அரே வந்த பிறகு

சாதாரண யூடி-யின் பெரிய குறை, பதிவு இல்லாதது. ஆபரேட்டர் திரையில் பார்த்தார், கையால் எழுதினார், போய்விட்டார். பிஏயூடி (ஃபேஸ்டு அரே யூடி), டாஃப்டி (ஒலி வந்து சேரும் நேரத்தை அளக்கும் யூடி) இரண்டும் கணினிப் பதிவு தருகின்றன. பின்னாளில் இன்னொருவர் உட்கார்ந்து அதே ஸ்கேனைப் படிக்கலாம். இந்தப் பதிவு இருப்பதால் செக்‌ஷன் 8 டிவிஷன் 1 இப்போது 6 மி.மீ. முதலான தடிமனுக்கு, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு, ரேடியோகிராபிக்குப் பதிலாக இவற்றை ஏற்கிறது. 1970-களில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் உருவான டாஃப்டி, விரிசலின் இரு நுனியிலிருந்தும் சிதறி வரும் ஒலியின் நேரத்தை வைத்து உயரத்தை அளக்கிறது. தடித்த தகட்டில் விரிசலின் உயரம் தெரிய வேண்டுமென்றால் இதற்கு நிகர் குறைவு. மேற்பரப்பை ஒட்டிய சில மில்லிமீட்டர் மட்டும் அதற்குக் குருட்டு இடம், அங்கே எம்பிஐ துணைக்கு வேண்டும்.

இன்னொரு லாபம் நேரக் கணக்கில் இருக்கிறது. ரேடியோகிராபி என்றால் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும், கயிறு கட்ட வேண்டும், அதனால் ராத்திரி ஷிஃப்டுக்குத் தள்ள வேண்டும். பிஏயூடி-க்குக் கதிர்வீச்சு இல்லை. பக்கத்து ஜாயிண்டில் வெல்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே இந்த ஜாயிண்டை ஸ்கேன் செய்யலாம். டெலிவரி நெருக்கடியில் இந்த வித்தியாசம் பெரியது.

ஆனால் யூடி எந்த வகையாக இருந்தாலும் ஆளை நம்பித்தான் இருக்கிறது. லெவல் 2 (சோதனை செய்து முடிவு சொல்லும் தகுதி) சர்டிபிகேட் இருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் தடிமனில் ஒரு டெஸ்ட் துண்டு வெல்ட் செய்து, ஓரிடத்தில் வேண்டுமென்றே ஸ்லாக்கை விட்டு, இன்னொரு இடத்தில் பக்கச் சுவரில் ஒட்டாமல் விட்டு, மேலே கிரைண்ட் செய்து வையுங்கள். ஆபரேட்டர் வந்ததும் முதலில் அதை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். திறமையானவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஹைட்ரோ டெஸ்ட் பாஸ் ஆனால் போதாதா?

போதாது. ஹைட்ரோ டெஸ்ட் கசிவையும், அந்தக் கணத்தில் தாங்குகிறதா என்பதையும் காட்டும். டிசைன் அழுத்தத்தின் 1.3 மடங்கில் தண்ணீர் ஏற்றிப் பார்த்த வெசலுக்குள் பாதி தடிமனுக்கு ஒட்டாத ஜாயிண்ட் இருந்து, அன்றைக்குத் தாங்கி, ஆண்டுக்கணக்கில் அழுத்தம் ஏறி இறங்கியபின் விரியலாம். அழுத்தமில்லாத டேங்குக்கு, ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவிப் பார்க்கும் பழைய முறை இன்றும் அருமையான கசிவுச் சோதனை. 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் பால் டேங்குக்கு விஷுவல், டிபி, தண்ணீர் நிரப்பிப் பார்ப்பது, உள்பக்க வெல்டை வழவழப்பாக்கியபின் மறுபடி விஷுவல் என்று போனால் நியாயமான திட்டம். டிபி-யை அந்த வழவழப்பாக்கலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான்.

தாளில் இல்லாத ஜாயிண்ட்

1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். ஆறு முக்கிய பிரேஸ்களில் (இணைப்புக் குழாய்களில்) ஒன்று முறிந்ததுதான் தொடக்கம். அந்த பிரேஸில் ஹைட்ரோஃபோன் (நீருக்குள் ஒலி கேட்கும்) கருவியைப் பொருத்த ஒரு சிறிய தாங்கியை 6 மி.மீ. ஃபில்லட் வெல்டில் ஒட்டியிருந்தார்கள். விரிசல் அங்கிருந்துதான் வளர்ந்தது. விசாரணையில் முறிந்த முகத்திற்குள் பெயிண்ட் கிடைத்தது. அதாவது மேடை கடலுக்குப் போவதற்கு முன், பெயிண்ட் அடித்த அன்றே அந்த விரிசல் திறந்து கிடந்திருக்கிறது. ஒரு எம்பிஐ அதைக் காட்டியிருக்கும்.

பாரம் தாங்கும் பெரிய ஜாயிண்டுகளுக்கு எல்லாரும் சோதனை எழுதுகிறார்கள். தூக்குவதற்கான லிஃப்டிங் லக், நேம் பிளேட் பிராக்கெட், இன்சுலேஷன் கிளிப், ஃபிட்-அப்புக்காக ஒட்டிப் பிறகு வெட்டி எடுத்த கிளீட்டின் தழும்பு, கவனக்குறைவாக விழுந்த ஆர்க் ஸ்ட்ரைக் (ராடு பட்ட தீத்தழும்பு) எல்லாம் தாளில் வராது. பாரம் தாங்கும் உறுப்பின் மேல் ஒட்டும் எந்த வெல்டும் அந்த உறுப்பின் வெல்டுதான். இவை எல்லாவற்றுக்கும் நூறு சதவீதம் எம்பிஐ, ஸ்டெயின்லெஸ் என்றால் டிபி என்று திட்டத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். செலவு மிகக் கொஞ்சம்.

எப்போது சோதிப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. வலிமை அதிகமான ஸ்டீலிலும், தடித்த தகட்டிலும் ஹைட்ரஜன் விரிசல் வெல்டிங் ஆறிய பிறகு மெதுவாக வரும். அதனால் சில உயர்வலிமை ஸ்டீல்களுக்கு ஏடபிள்யூஎஸ் டி1.1 வெல்டிங் முடிந்து 48 மணி நேரத்துக்குப் பிறகே இறுதிச் சோதனை செய்யச் சொல்கிறது. மாலையில் வெல்டிங், ராத்திரி எம்பிஐ, காலையில் லாரி என்ற திட்டம் அங்கே செல்லாது.

எதைப் பட்டறையில் வைத்துக்கொள்வது, எதை வெளியே கொடுப்பது

விஷுவலும் டிபியும் பட்டறைக்குள்ளேயே இருக்க வேண்டும். கட்டமைப்பு வேலை தொடர்ந்து வருகிறதென்றால் ஒரு ஏசி யோக்கும். சூப்பர்வைசர்களில் பொறுமையும் கண்பார்வையும் உள்ள ஒருவரைத் தேர்ந்து லெவல் 2 பயிற்சிக்கு அனுப்புங்கள். திருச்சியில் 1975-இல் தொடங்கிய பெல்லின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஎஸ்என்டி (சேதமில்லாச் சோதனைக்கான இந்தியச் சங்கம்) அமைப்பும் பயிற்சியும் தேர்வும் நடத்துகிறது. அந்த ஆள் உற்பத்தி மேலாளருக்குக் கீழே வேலை செய்யக் கூடாது, முதலாளிக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். டெலிவரி தேதிக்கு ஓடுபவரே ரிஜெக்ட் எழுதவும் வேண்டும் என்றால் ரிஜெக்ட் எழுதப்படாது.

ரேடியோகிராபியை வெளியே கொடுப்பதுதான் சரி. சொந்தமாக வைக்க ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) உரிமம், தகுதி பெற்ற கதிரியல் பாதுகாப்பு அலுவலர், மூலத்தை வைக்கும் பாதுகாப்பான இடம், ஆட்களுக்கு டோஸ் பதிவு எல்லாம் வேண்டும். ஏஜென்சி வந்தாலும் உங்கள் பொறுப்பு தீராது. கதிரியல் பணியாளருக்கு ஓராண்டில் கதிர்வீச்சு டோஸ் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது, பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. உங்கள் வாட்ச்மேனும், பக்கத்து ஷெட்டின் ஹெல்ப்பரும் பொதுமக்கள்தான். கயிறு கட்டிய எல்லையில் சர்வே மீட்டரை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஏஜென்சியிடம் மூலத்தின் இன்றைய வலு எத்தனை கியூரி என்றும் கேளுங்கள். இரிடியம்-192-க்கு அரை ஆயுள் 74 நாள். 20 கியூரியாக வாங்கியது ஐந்து மாதத்தில் 5 கியூரிக்கு வந்திருக்கும். அதே படத்துக்கு நான்கு மடங்கு நேரம் ஆகும், உங்கள் ஷெட்டும் நான்கு மடங்கு நேரம் காலியாகக் கிடக்கும். விலை மலிவாகச் சொல்பவரிடம் பெரும்பாலும் பழைய மூலம்தான் இருக்கும்.

கடைசியாக ஃபிலிமின் நம்பகம். நல்ல ஜாயிண்ட் ஒன்றையே வேறு வேறு நம்பர் போட்டு எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஜாயிண்ட் நம்பரையும் ஸ்டார்ட் பாயிண்டையும் தகட்டிலேயே நீங்கள் பஞ்ச் செய்து வையுங்கள், ஈய எண்கள் அதற்கு நேரே ஒட்டப்படட்டும், உங்கள் ஆள் ஒருவர் எல்லைக்கு வெளியே நின்று ஷாட் கணக்கை எழுதட்டும். ஃபிலிம்கள் அசலாக உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஒர்க் ஆர்டரில் எழுதுங்கள். ரிப்பேருக்குப் பின் எடுக்கும் மறு ஷாட்டின் விலையையும் அதே ஆர்டரில் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள், டெலிவரிக்கு முந்தின ராத்திரி பேசினால் அவர் சொன்னதுதான் விலை.